கோட் இருக்கு, விளக்கம் எங்க? லைப்ரரி டாக்குமெண்டேஷன் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒருத்தருக்கு பதில் சொல்றப்ப "லைப்ரரி எழுதறது பாதி வேலை, அதுக்கு டாக்ஸ் எழுதறது மீதி வேலை"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வில முக்கால்வாசி அதைப் பத்தியே. (லைப்ரரின்னா மத்தவங்க எடுத்து யூஸ் பண்றதுக்காக எழுதற கோடு, டாக்ஸ்னா அதை எப்படி யூஸ் பண்றதுங்கற விளக்கம், அதாவது டாக்குமெண்டேஷன்.) சரின்னு இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. லேப்டாப் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கேள்வி: சார், நான் ஃபைனல் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஜாவாடாக், டாக்ஸிஜன், ஸ்பிங்க்ஸ், எம்கேடாக்ஸ்னு தேடினா ஏகப்பட்ட பேரு வருது. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எதைப் படிச்சு வெச்சுக்கறது? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, இதெல்லாம் நாம எழுதற விளக்கத்தைப் பக்கம் பக்கமாக் கட்டிக் குடுக்கற டூல், தனியா உக்காந்து "படிக்க" வேண்டிய அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல. நீங்க எந்த லாங்குவேஜ்ல எழுதறீங்களோ அந்த ஊர்க்காரங்க எதை யூஸ் பண்றாங்களோ அதுதான் உங்க டூல். ஜாவான்னா ஜாவாடாக், அது ஆரம்ப காலத்துலேர்ந்தே ஜேடிகே (ஜாவால எழுதத் தேவையான டூல் மூட்டை) கூடவே வருது, தனியா இன்ஸ்டால் பண்ற வேலையே இல்ல. சி, சி பிளஸ் பிளஸ்னா டாக்ஸிஜன், டிமிட்ரி வான் ஹீஷ்னு ஒருத்தர் 1997ல வெளியிட்டது, இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. பைத்தான்னா ஸ்பிங்க்ஸ். பைத்தானோட சொந்த டாக்ஸ் ஒரு காலத்துல லேடெக்ஸ்ங்கற அச்சுக்கோர்ப்பு முறையில இருந்துச்சு, அதை மாத்தறதுக்காக கியோர்க் பிராண்டில் எழுதின டூல் அது, 2008ல வெளிய வந்துச்சு, அப்புறம் பைத்தானுக்கு வெளியவும் பரவிடுச்சு. லினக்ஸ் கர்னல்காரங்களே 2016ல, 4.8 வெர்ஷன் சமயத்துல, பழைய டாக்புக் எக்ஸ்எம்எல்லை விட்டுட்டு ஸ்பிங்க்ஸுக்கு வந்தாங்கன்னா பாத்துக்கோங்க.

ரஸ்ட், கோ மாதிரி புது லாங்குவேஜ்ல இந்த குழப்பமே கிடையாது, டூல் உள்ளயே வருது. கோ-ல விசேஷமான மார்க்கப்கூட கிடையாது, ஃபங்ஷனுக்கு மேல சாதாரண கமெண்ட் (கம்ப்யூட்டர் கண்டுக்காத குறிப்பு வரி), முதல் வார்த்தை அந்த ஃபங்ஷன் பேரா இருக்கணும்ங்கறது வழக்கம், அவ்ளோதான். ரொம்ப வருஷம் அந்த மொட்டை கமெண்ட்டை வெச்சே ஓட்டினாங்க, 2022ல வந்த 1.19லதான் தலைப்பு, லிஸ்ட், லிங்க் எல்லாம் சேத்தாங்க. ரஸ்ட்ல மூணு சாய்வுக்கோடு போட்டு மார்க்டவுன்ல (சின்னச் சின்ன குறி போட்டு எழுதற எளிய முறை) எழுதுங்க, 'கார்கோ டாக்' அடிங்க, பக்கம் ரெடி.

இன்டர்வியூல இதைக் கேக்க மாட்டாங்க. ஆனா உங்க கிட்ஹப்பைத் திறந்து பாக்கறவங்க ரீட்மி ஃபைலைத்தான் முதல்ல பாப்பாங்க, அதுல "ப்ராஜெக்ட் ஒன்"னு மட்டும் எழுதி வெச்சிருந்தா கோட் எவ்ளோ நல்லா இருந்தாலும் யாரும் உள்ள போய்ப் பாக்கப் போறதில்ல.

கேள்வி: எங்க டீம் லைப்ரரியில ஒரு ஃபங்ஷன் விடாம எல்லாத்துக்கும் ஜாவாடாக் எழுதியிருக்கோம். கவரேஜ் நூறு சதவீதம். ஆனாலும் மத்த டீம்காரங்க எதுக்கெடுத்தாலும் எங்க சீட்டுக்கு வந்துதான் கேக்கறாங்க. இவ்ளோ எழுதியும் ஏன் யாரும் படிக்க மாட்டேங்கறாங்க? (டீம் லீட், சோழிங்கநல்லூர்)

பதில்: நீங்க கூட அனுப்பியிருந்த துண்டுல ரெண்டை மட்டும் இங்க போடறேன், பேரெல்லாம் மாத்திட்டேன்:

/**
 * பெயரைப் பெறும்.
 * @ரிட்டர்ன் பெயர்
 */
கெட்நேம்()

/**
 * பணத்தை எடுக்கும்.
 * @பேராம் அமவுண்ட் தொகை
 * @ரிட்டர்ன் வெற்றியா இல்லையா
 */
வித்ட்ரா(அமவுண்ட்)

முதல் கமெண்ட்டை அழிச்சாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல, அது ஃபங்ஷன் பேரைத் திரும்பச் சொல்லுது, அவ்ளோதான். ரெண்டாவதுதான் வில்லங்கம். தொகை ரூபாயா பைசாவா? மைனஸ் தொகை குடுத்தா என்ன ஆகும்? பேலன்ஸ் பத்தலைன்னா ஃபால்ஸ் வருமா எக்ஸெப்ஷன் (வேலையை அங்கயே நிறுத்தற எரர்) வருமா? நெட்வொர்க் அறுந்து போச்சுன்னு அதே ரிக்வெஸ்ட்டை ரெண்டாவது தடவை அனுப்பினா ரெண்டு தடவை பணம் போயிடுமா? ரெண்டு த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ள இணையா ஓடற வேலை) ஒரே நேரத்துல கூப்பிடலாமா? இந்த அஞ்சு கேள்விக்காகத்தான் உங்க சீட்டுக்கு வர்றாங்க, இதுல ஒண்ணுக்குக்கூட அந்த கமெண்ட்ல பதில் இல்ல. கவரேஜ் டூலுக்கு கமெண்ட் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும், அதுல சரக்கு இருக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும். நூறு சதவீதம் வேணும்னு மேனேஜ்மெண்ட் சொன்ன அன்னைக்கே இந்த மாதிரி "பெயரைப் பெறும்" கமெண்ட் கூட்டமா வந்து சேரும், எந்த கம்பெனியிலயும் இதுதான் கதை.

அளவு, யூனிட் இதெல்லாம் சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. தூங்கச் சொல்ற ஸ்லீப் ஃபங்ஷனையே எடுத்துக்கோங்க, பைத்தான் டைம் மாட்யூல்ல 5 குடுத்தா அஞ்சு செகண்டு, ஜாவா த்ரெட்ல 5 குடுத்தா அஞ்சு மில்லி செகண்டு. ஒரே பேரு, ஆயிரம் மடங்கு வித்தியாசம், டாக்ல ஒரு வார்த்தை இருந்தாதான் தப்பிக்க முடியும்.

நல்ல ஜாவாடாக் எப்படி இருக்கும்னு பாக்க வெளிய எங்கயும் போக வேணாம், ஜாவாவோட சொந்த லைப்ரரியே போதும். ஸ்ட்ரிங் கிளாஸ்ல சப்ஸ்ட்ரிங் ஃபங்ஷன் பக்கத்தைப் பாருங்க. ஆரம்ப இன்டெக்ஸ் சேரும், முடிவு இன்டெக்ஸ் சேராதுன்னு சொல்லிட்டு அதோட விடாம, ஹாம்பர்கர்ங்கற இங்கிலீஷ் வார்த்தையை 4, 8னு வெட்டினா 'அர்ஜ்' வரும்னு ஒரு எக்ஸாம்பிள் போட்டிருப்பாங்க. விரல் விட்டு எண்ணிப் பாத்தா புரிஞ்சுடும், அந்த ஒரு வரி பத்து வரி விளக்கத்துக்கு சமம். எந்த நிலைமையில எக்ஸெப்ஷன் எறியும்னும் கீழயே இருக்கும். அப்புறம் ஹேஷ்மேப் பக்கம், சாவி குடுத்து மதிப்பை எடுக்கற பெட்டி அது. சாவி இடத்துல 'நல்' (மதிப்பே இல்லாதது) வைக்கலாம், இது த்ரெட்டுக்குப் பாதுகாப்பு இல்ல, வரிசை மாறாதுன்னு நம்பாதீங்கன்னு எடுத்த உடனே சொல்லிடுவாங்க. லோட் ஃபாக்டர் (எவ்ளோ நிரம்பினதும் பெருசாக்கணும்ங்கற அளவு) 0.75ன்னு ஏன் வெச்சோம், கூட்டினா இடம் மிச்சம் ஆனா தேடற நேரம் கூடும்னு காரணத்தையும் எழுதியிருப்பாங்க. இந்த காரணம் கோடைப் பாத்தா தெரியாது, எழுதினவங்க சொன்னாதான் உண்டு. அதைத்தான் நீங்க எழுதணும்.

இன்னொண்ணு. ஜாவாடாக்ல முதல் வாக்கியம் மட்டும்தான் மேல இருக்கற சுருக்கப் பட்டியலுக்குப் போகும். அதனால முக்கியமான எச்சரிக்கையை மூணாவது பாராவுல ஒளிச்சு வைக்காதீங்க.

கடைசியா, ஃபங்ஷன் ஃபங்ஷனா இருக்கற பக்கம் எவ்ளோ நல்லா இருந்தாலும் புதுசா வர்றவங்களுக்கு அது கல்யாணப் பத்திரிகை மாதிரிதான், சொந்தக்காரங்க பேரு ஒண்ணு விடாம இருக்கும், மண்டபத்துக்கு எந்த பஸ் ஏறணும்னு இருக்காது. "இந்த லைப்ரரியை வெச்சு முதல் வேலையை முடிக்க இதைச் செய்"னு ஒரே ஒரு பக்கம் தனியா எழுதுங்க. டானியேலே ப்ரோசிடா சொன்ன டயாடாக்ஸிஸ்னு ஒரு முறை இருக்கு, டாக்ஸை டுடோரியல், செய்முறை, ரெஃபரன்ஸ், விளக்கம்னு நாலாப் பிரிக்கச் சொல்லும். நாலையும் முதல் நாளே எழுதணும்னு நினைச்சா ஒண்ணும் நடக்காது. உங்ககிட்ட ரெஃபரன்ஸ் இருக்கு, டுடோரியல் ஒண்ணு போடுங்க, மத்தது கேள்வி வர வர எழுதிக்கலாம்.

கேள்வி: நல்ல கோடுக்கு கமெண்ட்டே தேவையில்ல, கோடே டாக்குமெண்ட்டுன்னு என் சீனியர் சொல்றாரு. சரியா? (சேலம்)

பதில்: உள்ள இருக்கற கோடுக்கு ஓரளவு சரி. வெளியாளுங்க கூப்பிடற லைப்ரரிக்கு செல்லாது. சீனியரை அவர் யூஸ் பண்ற ஏதாவது ஒரு லைப்ரரியோட டாக்ஸைப் பாக்காம, சோர்ஸை மட்டும் படிச்சு ஒரு வாரம் வேலை பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: அண்ணா, பைத்தான்ல ஒரு சின்ன லைப்ரரி போட்டிருக்கேன். டாக்ல எக்ஸாம்பிள் நிறைய குடுத்திருக்கேன். ஆனா நான் கோடை மாத்தும்போது எக்ஸாம்பிளை மாத்த மறந்துடறேன், யாராவது காப்பி பண்ணி ஓட்டிட்டு எரர் வருதுன்னு சொன்னப்புறம்தான் தெரியுது. இதுக்கு வழி உண்டா? (மதுரை)

பதில்: உண்டு, உங்க பைத்தான் கூடவே இருவது வருஷத்துக்கு மேல சும்மா உக்காந்திருக்கு. பேரு டாக்டெஸ்ட். டிம் பீட்டர்ஸ் எழுதினது, 2001ல வந்த பைத்தான் 2.1லேர்ந்து ஸ்டாண்டர்டு லைப்ரரியில இருக்கு. டாக்ஸ்ட்ரிங்ல (ஃபங்ஷனுக்கு உள்ளயே எழுதற விளக்கம்) மூணு அம்புக்குறி போட்டு கமாண்டை எழுதி அடுத்த வரியில என்ன வரணும்னு எழுதினீங்கன்னா அதை நெஜமாவே ஓட்டிப் பாத்து, எழுதினதும் வந்ததும் ஒண்ணா இருக்கான்னு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒத்துப் போகலைன்னா டெஸ்ட் ஃபெயில்.

நமக்குப் பழக்கமான சரக்கை வெச்சே காட்டறேன். ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு, தமிழ் எழுத்தை எழுத்தா பிரிக்கறது மாதிரி வேலைக்கெல்லாம் ஆனது. அதுல கெட்_லெட்டர்ஸ்னு ஒரு ஃபங்ஷன். அது ஏன் வேணும்னு யாராவது கேட்டா ஒரு பாரா எழுதறதை விட இதைக் காட்டினாப் போதும்:

>>> லென்("தமிழ்")
5
>>> லென்(கெட்_லெட்டர்ஸ்("தமிழ்"))
3

பைத்தானோட லென் யூனிகோட் குறியீட்டை எண்ணும், அதுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு. நமக்கு த, மி, ழ்னு மூணு. நாலு வரியில லைப்ரரி எதுக்குன்னு விளங்கிடுச்சு, நாளைக்கு யாரோ கோடைத் தொட்டு 3 வர வேண்டிய இடத்துல 4 வந்தா டாக்டெஸ்ட் கத்திடும். இதே மாதிரி ஃபங்ஷன் எழுதறவங்க டாக்ல கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொண்ணும் இருக்கு: "கொ"ங்கற எழுத்தை க கூட ஒரே ஒகரக் குறி போட்டும் எழுதலாம், க கூட எகரக் கொம்பு, கால் ரெண்டும் தனித்தனியா போட்டும் எழுதலாம், திரையில ரெண்டும் ஒண்ணுதான், உள்ள 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம். உங்க ஃபங்ஷன் இதை ஒண்ணாக்குமா, இல்ல கூப்பிடறவங்க முன்னாடியே யூனிகோட் நார்மலைஸ் பண்ணிட்டு வரணுமா? ஒரு எக்ஸாம்பிள் போட்டா சண்டையே இல்ல.

டாக்டெஸ்ட்ல எரிச்சல் பண்ற விஷயமும் இருக்கு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடறதால செட்டை (வரிசை இல்லாத தொகுப்பு) அப்படியே பிரிண்ட் பண்ணினா வரிசை மாறி ஃபெயில் ஆகும், ஆப்ஜெக்ட்டோட மெமரி அட்ரஸ் ஓட்டற ஒவ்வொரு தடவையும் மாறும், தசமப் புள்ளி எண்ல வால் நீளும். செட்டை சார்ட் பண்ணிக் காட்டுங்க, அட்ரஸ் வர்ற இடத்துல எலிப்சிஸ் ஆப்ஷன் போட்டு மூணு புள்ளி வையுங்க. எல்லா மூலைமுடுக்கு டெஸ்ட்டையும் டாக்ஸ்ட்ரிங்குல திணிக்காதீங்க, படிக்கறவங்களுக்கு ரெண்டு மூணு போதும், மீதி தனி டெஸ்ட் ஃபைல்ல இருக்கட்டும்.

இந்த விஷயத்துல எனக்குப் பிடிச்சது ரஸ்ட்தான். அங்க டாக் கமெண்ட்ல எழுதற எக்ஸாம்பிள் 'கார்கோ டெஸ்ட்' அடிச்சா தானா ஓடும், நீங்க தனியா ஒண்ணும் செட் பண்ண வேணாம். ஓட்டாம கம்பைல் மட்டும் பண்ணுன்னா நோ-ரன்னு குறிக்கலாம், கம்பைல் ஆகவே கூடாதுன்னுகூட குறிக்கலாம். படிக்கறவங்களுக்குத் தேவையில்லாத செட்டப் வரியை முன்னால ஒரு ஹேஷ் போட்டு மறைச்சுடலாம், பக்கத்துல தெரியாது, ஆனா ஓடும். கோ-லயும் எக்ஸாம்பிள் ஃபங்ஷன் எழுதி கடைசில 'அவுட்புட்:'னு கமெண்ட் போட்டா டெஸ்ட்டா ஓடும், அந்த கமெண்ட் இல்லைன்னா கம்பைல் மட்டும் ஆகும், ஓடாது, இதைக் கவனிக்காம விடறவங்க நிறைய பேரு. ஜாவாவுல 18ஆம் வெர்ஷன்லேர்ந்து ஸ்னிப்பெட்னு ஒரு டேக் இருக்கு, வெளிய இருக்கற நெஜ ஃபைல்லேர்ந்து துண்டை எடுத்து டாக்ல காட்டும், அந்த ஃபைலை நீங்க டெஸ்ட்டோட சேத்து கம்பைல் பண்ணிக்கலாம். எந்த லாங்குவேஜா இருந்தாலும் டூல் தேர்ந்தெடுக்கும்போது நான் முதல்ல கேக்கறது இதைத்தான், எக்ஸாம்பிளை இது ஓட்டுமா? தீம் அழகா இருக்கா, டார்க் மோட் இருக்கான்னு பாக்கறதெல்லாம் அதுக்கப்புறம்.

கேள்வி: ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டா மார்க்டவுனா? டீம்ல அடிதடியே நடக்குது. (பெங்களூர்)

பதில்: ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. மார்க்டவுன் 2004ல ஜான் க்ரூபர் கொண்டு வந்தது, வெப்ல கட்டுரை எழுதறதுக்காக. எல்லாருக்கும் தெரியும், கை தானா அடிக்கும். ஆனா "இந்த கிளாஸோட பக்கத்துக்கு லிங்க் குடு", "இது எச்சரிக்கைப் பெட்டி", "இது 2.0 வெர்ஷன்ல வந்தது"ன்னு சொல்றதுக்கு அதுல இடமே கிடையாது, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஒட்டு போட்டு ஆளுக்கொரு மார்க்டவுன் ஆயிடுச்சு, 2014ல காமன்மார்க்னு ஒரு பொது வரையறை வந்தும்கூட இந்த நீட்டிப்பெல்லாம் அவங்கவங்க இஷ்டம்தான்.

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் டேவிட் குட்ஜர் பைத்தான்காரங்களுக்காகப் பண்ணினது, இந்த மாதிரி டெக்னிக்கல் தேவையெல்லாம் ரோல் (வாக்கியத்துக்குள்ள போடற குறி), டைரக்டிவ் (தனிப் பகுதிக்கான கட்டளை)னு ஆரம்பத்துலேர்ந்தே அதுல உண்டு. ஃபங்ஷன் பேரை ரோல் போட்டு எழுதினா ஸ்பிங்க்ஸ் தானா சரியான பக்கத்துக்கு லிங்க் போடும், பேரு மாறிப்போய் லிங்க் அறுந்தா எச்சரிக்கை குடுக்கச் சொல்லலாம். இன்டர்ஸ்பிங்க்ஸ்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டா உங்க டாக்லேர்ந்து பைத்தான் டாக்ஸ், நம்பை (கணக்குக்கான பைத்தான் லைப்ரரி) டாக்ஸுக்கெல்லாம் பேரைச் சொல்லியே லிங்க் போகும், யூஆர்எல் தேட வேணாம். பிரச்சனை என்னன்னா அதோட எழுத்து முறை. கோடுக்கு ஒரு பேக்டிக் பத்தாது ரெண்டு போடணும், லிங்க்குக் கடைசில அண்டர்ஸ்கோர் போடணும், டைரக்டிவுக்கு அடுத்து ஒரு காலி வரி விடாட்டி, இண்டெண்ட் ஒரு ஸ்பேஸ் தள்ளிப் போயிட்டா பாதிப் பக்கம் காணாமப் போயிடும். புதுசா பங்களிக்க வர்றவங்க இதைப் பாத்துட்டு ஓடிடறாங்க.

என் பஞ்சாயத்து இதுதான். பைத்தான் லைப்ரரின்னா ஸ்பிங்க்ஸ் வைங்க, ஆனா மிஸ்ட்டுங்கற எக்ஸ்டென்ஷனைப் போட்டு மார்க்டவுன்ல எழுதுங்க, ரோல், டைரக்டிவ் ரெண்டும் அதுலயும் கிடைக்கும். டாக்ஸ்ட்ரிங்குக்கு கூகுள் ஸ்டைல் இல்லைன்னா நம்பை ஸ்டைல் வெச்சுக்கோங்க, நெப்போலியன்ங்கற எக்ஸ்டென்ஷன் ஸ்பிங்க்ஸ் கூடவே வருது, அது புரிஞ்சுக்கும். சின்ன லைப்ரரி, கட்டுரைதான் அதிகம்னா எம்கேடாக்ஸ் போதும். இந்த சண்டை ஜாவா பக்கமும் ஓய்ஞ்சாச்சு, ஜாவாடாக் கமெண்ட்ல இத்தனை வருஷமா எச்டிஎம்எல் டேக் அடிச்சிட்டு இருந்தவங்களுக்கு 2024ல வந்த ஜேடிகே 23லேர்ந்து மார்க்டவுனே எழுதலாம்னு ஆயிடுச்சு, சாய்வுக்கோடு மூணு போட்டு ஆரம்பிக்கணும், அவ்ளோதான். 2014ல ஜாவா 8 வந்தப்ப டாக்லின்ட்ங்கற சோதனை டூல் எச்டிஎம்எல்ல ஒவ்வொரு சின்ன தப்புக்கும் பில்டை நிறுத்தி உசிரை எடுத்தது ஞாபகம் இருக்கறவங்களுக்கு இது எவ்ளோ நிம்மதின்னு தெரியும்.

கேள்வி: என் மெஷின்ல ஸ்பிங்க்ஸ் பில்டு ஆகுது, ரீட் த டாக்ஸ் தளத்துல போட்டா ஏபிஐ (ஃபங்ஷன் விவரம்) பக்கம் மட்டும் காலியா வருது. தலை வெடிக்குது. (பைத்தான் டெவலப்பர், திருச்சி)

பதில்: லாக்ல "மாட்யூலை இம்போர்ட் பண்ண முடியல"ன்னு ஒரு எச்சரிக்கை இருக்கும், பாருங்க. ஸ்பிங்க்ஸோட ஆட்டோடாக் உங்க கோடை வெறும் டெக்ஸ்ட்டா படிக்காது, நெஜமாவே இம்போர்ட் பண்ணித்தான் டாக்ஸ்ட்ரிங்கை எடுக்கும். உங்க மெஷின்ல எல்லா பேக்கேஜும் இருக்கு, அங்க இருக்காது. மூணு வழி. தேவையான பேக்கேஜை அந்த ரெபோவோட கான்ஃபிக் ஃபைல்ல சொல்லி அங்கயும் இன்ஸ்டால் பண்ண வைக்கலாம். ரொம்ப கனமான பேக்கேஜா இருந்தா கான்ஃப் ஃபைல்ல ஆட்டோடாக் மாக் இம்போர்ட்ஸ் லிஸ்ட்ல அந்த பேரைச் சேத்துட்டா இருக்கற மாதிரி நடிச்சுக்கும். அதுவும் சரிப்படலைன்னா இம்போர்ட்டே பண்ணாம சோர்ஸைப் படிக்கற ஸ்பிங்க்ஸ்-ஆட்டோஏபிஐக்கு மாறுங்க.

அப்படியே இன்னொரு விஷயம், இம்போர்ட் பண்ணின உடனே டேட்டாபேஸைத் திறக்கற மாதிரி உங்க மாட்யூல் இருந்தா டாக்ஸ் பில்டு பண்ணும்போதும் அது திறக்கும். அது டாக்ஸ் பிரச்சனை இல்ல, கோடைத் திருத்துங்க. பில்டு கமாண்ட்ல பெரிய டபிள்யூ ஆப்ஷன் போட்டீங்கன்னா எச்சரிக்கை எல்லாம் எரரா மாறி பில்டு நின்னுடும், காலிப் பக்கம் வெளிய போகாது. முதல் நாள் திட்டுவீங்க, அப்புறம் எடுக்கவே மாட்டீங்க.

கேள்வி: பழைய சி கோடு, பல லட்சம் வரி, எழுதினவங்க யாரும் இப்ப கம்பெனியில இல்ல. கமெண்ட் கிடையாது. ஆட்டோமேட்டிக்கா டாக்குமெண்ட் பண்ண முடியுமா? (ஓசூர்)

பதில்: வரைபடம் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. டாக்ஸிஜன்ல எக்ஸ்ட்ராக்ட் ஆல்-ஐ ஆன் பண்ணுங்க, கமெண்ட் இல்லாத ஃபங்ஷனும் பட்டியல்ல வரும். சோர்ஸ் பிரவுசரையும் ஆன் பண்ணிட்டு, கிராஃப்விஸ் (படம் வரையற டூல்) இன்ஸ்டால் பண்ணி கால் கிராஃப், காலர் கிராஃப் ரெண்டையும் போடுங்க, எது எதைக் கூப்பிடுது, இதை யாரெல்லாம் கூப்பிடறாங்கன்னு படமா வரும். அவ்ளோ பெரிய கோடுக்கு மொத்தமா போட்டா ராத்திரி பூரா ஓடும், ஒரு டைரக்டரியா எடுத்துப் பண்ணுங்க. அந்தப் படத்துல எந்த ஃபங்ஷனுக்கு அம்பு அதிகமா வந்து குவியுதோ அதுக்கு மட்டும் நீங்க கையால கமெண்ட் எழுதுங்க. பக் ஃபிக்ஸ் பண்ண ஒரு ஃபங்ஷனுக்குள்ள போனா, வெளிய வர்றதுக்கு முன்னாடி புரிஞ்சதை நாலு வரி எழுதிட்டு வரணும்னு டீம்ல ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க. பல லட்சம் வரிக்கும் எழுதறேன்னு ப்ராஜெக்ட் போட்டு ஆள் கேக்காதீங்க, குடுக்கவும் மாட்டாங்க, முடியவும் முடியாது.

கேள்வி: எங்களோடது லைப்ரரி இல்ல, வெப் ஏபிஐ. ஸ்வாக்கரா ஓப்பன்ஏபிஐயா? (கோவை)

பதில்: ஒண்ணுதான். 2011ல ஸ்வாக்கரா ஆரம்பிச்ச, வெப் ஏபிஐயை விவரிக்கற வரையறை பின்னாடி லினக்ஸ் ஃபவுண்டேஷன் கைக்குப் போய் ஓப்பன்ஏபிஐ ஆச்சு, 3.0 2017ல, 3.1 2021ல. ஸ்வாக்கர்ங்கற பேரு இப்ப டூலுக்குத்தான். புதுசா ஆரம்பிச்சா 3.1 எடுத்துக்கோங்க. ஒரு எரர் ரெஸ்பான்ஸாவது மாதிரி போடுங்க, எல்லாரும் 200 ஓகே (எல்லாம் சரிங்கற பதில்) மட்டும் காட்டிட்டு நழுவிடறாங்க.

கேள்வி: இப்ப ஏஐ ஒரே நிமிஷத்துல எல்லா ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்ட்ரிங் எழுதிடுதே, இனிமே இதெல்லாம் நாம ஏன் எழுதணும்? (சென்னை)

பதில்: எழுதச் சொல்லுங்க, நானும் சொல்றேன். ஃபார்மேட் பிடிக்கறது, பேராமீட்டர் பட்டியல் போடறதெல்லாம் நல்லாவே பண்ணுது. ஆனா கோடைப் பாத்து கோடு என்ன பண்ணுதுன்னு அது சொல்லும், கோடுல பக் இருந்தா பக்கையும் சேத்து "இப்படித்தான் வேலை செய்யும்"னு அழகா எழுதி வெச்சிடும், டாக்ல வந்துட்டா அதுவே சட்டம் ஆயிடும். தொகை ஏன் பைசாவுல, ரீட்ரை (மறுமுயற்சி) ஏன் மூணோட நிக்குது, இந்த ஃபங்ஷனை ஏன் இன்னும் தூக்கல, இதெல்லாம் உங்க மண்டையிலயும் பழைய மெயில்லயும்தான் இருக்கு. அது எழுதிக் குடுக்கற எக்ஸாம்பிளை கட்டாயம் டாக்டெஸ்ட்ல ஓட்டிட்டுத்தான் உள்ள விடணும், இல்லாத ஆர்க்யுமெண்ட்டை இருக்கற மாதிரி தைரியமா எழுதும்.

கேள்வி: தமிழ்லயே டாக்ஸ் எழுதலாமா? பிடிஎஃப் எடுத்தா கட்டம் கட்டமா வருது. (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: தாராளமா. பைத்தான் 3ல சோர்ஸ் ஃபைலே யூடிஎஃப்-8தான், டாக்ஸ்ட்ரிங்குல தமிழ் எழுதினா ஹெல்ப் கமாண்ட்லயும் தமிழாவே வரும். இங்கிலீஷ்ல இருக்கற டாக்ஸை மொழிபெயர்க்கணும்னா ஸ்பிங்க்ஸ் கெட்டெக்ஸ்ட் பில்டு போட்டு வாக்கியம் வாக்கியமா பிஓடி ஃபைலா பிரிச்சுக் குடுக்கும், அதுலேர்ந்து மொழிக்கொரு பிஓ ஃபைல் எடுத்து மொழிபெயர்க்கலாம், மூலம் மாறினா எந்த வாக்கியம் மாறிச்சுன்னும் தெரியும், பைத்தான் டாக்ஸோட ஜப்பானிய, பிரெஞ்சு, கொரிய பதிப்பெல்லாம் இந்த வழியிலதான் நடக்குது. பிடிஎஃப் கட்டத்துக்குக் காரணம் பழைய பிடிஎஃப்-லேடெக்ஸ். கான்ஃப் ஃபைல்ல லேடெக்ஸ் எஞ்சினை ஸீலேடெக்ஸ்னு மாத்தி, ஒரு தமிழ் யூனிகோட் ஃபான்ட்டையும் குறிப்பிடுங்க, கட்டம் போயிடும். கோடு வர்ற கட்டத்துக்குள்ள தமிழ் இருந்தா மோனோ ஃபான்ட்டுக்கும் தமிழ் எழுத்து உள்ளதா பாத்து தனியா குடுக்கணும், இதை விட்டுட்டு பாதி சரியாகி பாதி ஆகலைன்னு எழுதுவீங்க, இப்பவே சொல்லிட்டேன்.

கேள்வி: ஹாஸ்டல்ல நெட் ராத்திரி கட் ஆயிடும். டாக்ஸை ஆஃப்லைன்ல வெச்சுக்க முடியுமா? (விழுப்புரம்)

பதில்: ஸீல்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, லினக்ஸ், விண்டோஸ் ரெண்டுலயும் ஓடும், வேணுங்கற லைப்ரரி டாக்ஸை பகல்ல இறக்கி வெச்சுக்கோங்க. தேவ்டாக்ஸ் தளத்தை பிரவுசர்லயே ஆஃப்லைனா சேமிக்கலாம். பைத்தானோட முழு டாக்ஸையும் ஜிப் ஃபைலாவே அவங்க தளத்துல குடுக்கறாங்க. பைடாக், கோ டாக் ரெண்டும் டெர்மினல்லயே வேலை செய்யும், ரஸ்ட்ல 'கார்கோ டாக் --ஓப்பன்' அடிச்சா நீங்க யூஸ் பண்ற எல்லா கிரேட்டுக்கும் (ரஸ்ட்ல பேக்கேஜுக்கு அந்தப் பேரு) சேத்து உங்க மெஷின்லயே பக்கம் கட்டித் திறந்துடும், அதுவும் நீங்க போட்டிருக்கற அதே வெர்ஷனுக்கு. தேடுபொறியில வர்ற பாதி டாக்ஸ் பழைய வெர்ஷனோடது, அதனால நெட் இருக்கறவங்களும் இதைப் பழகிக்கலாம்.